கண்டம் அண்ணாச்சி பார்த்துக் கொடுத்த சைக்கிள்

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் சைக்கிள் வைத்திருந்தவர்களில், கண்டம் அண்ணாச்சிக்குப் பயப்படாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. பஜாரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு நிற்கிறவர், தீப்பெட்டி ஆபீசில் இருநூறு பேரை அதட்டி வேலை வாங்குகிற மேனேஜர், பேய் ஓட்டுகிற கோடாங்கி, யாராக இருந்தாலும் பசுவந்தனை ரோட்டில் அவர் கடை வரும்போது சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார்கள். பூனை மாதிரி உருட்டிக்கொண்டு கடையைத் தாண்டிய பிறகுதான் மறுபடி ஏறுவார்கள். மிதித்துக்கொண்டு போனால் ஏதாவது ஒரு சத்தம் அவர் காதில் விழும். விழுந்தால் "ஏ, நில்லு" என்பார். நின்றவன் தொலைந்தான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜோசியர்கள் ஜாதகத்தைப் பார்த்து, "பையனுக்குப் பதினாறு வயசுல தண்ணியில ஒரு கண்டம் இருக்கு" என்று பெற்றவர்கள் வயிற்றில் புளியைக் கரைப்பார்கள் அல்லவா? இவர் அதையே சைக்கிளைப் பார்த்துச் சொல்வார். அதனால் கண்டம் அண்ணாச்சி. ஆள் ஒல்லி. நாற்பது கிலோ இருந்தால் அதிகம், அதிலும் இரண்டு கிலோ கிரீஸ். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெதுவாக வரும்.

வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார். ஒரு ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அச்சில் வைத்து, கைப்பிடியைத் தன் காதில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு பெடலைச் சுற்றச் சொல்வார். நாம் சுற்றச் சுற்ற அவர் முகம் வாடும். நெருங்கின சொந்தத்தில் சாவு என்று தந்தி வந்தவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருக்கும்.

"வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்பார்.

"நாலு பேரு அண்ணாச்சி."

"ம்."

அவ்வளவுதான் சொல்வார். மிச்சம் மூன்று பேர் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். வந்தவர், "இப்பவே பாத்துக் குடுத்துருங்க அண்ணாச்சி" என்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விடுவார்.

விடாமல் எடுத்துக்கொண்டு போகிற தைரியசாலிகளும் உண்டு. அவர்களுக்காக அண்ணாச்சி காதில் ஒரு சாக்பீஸ் செருகி வைத்திருப்பார். வண்டி கிளம்புவதற்குள் பின் மட்கார்டில் கெடு எழுதிவிடுவார். 'பிரேக், வெள்ளிக்கிழமை வரை.' 'முன் போர்க், அடுத்த அமாவாசை.' இதை யாரும் அழிக்க மாட்டார்கள். அழித்துவிட்டு மறுநாள் விழுந்துவைத்தால் யார் பதில் சொல்வது? ஒருநாள் மார்க்கெட் வாசலில் நின்று பார்த்தேன். போகிற சைக்கிள்களில் பாதி, தன் சாவுத் தேதியை முதுகில் எழுதிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

ஒருமுறை எட்டயபுரத்திலிருந்து ஒரு வீட்டார் எங்கள் தெருவுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். குடும்பம் பஸ்ஸில் வந்தது. மாப்பிள்ளை மட்டும் கெத்தாக சைக்கிளில் வந்தார். வந்த வழியில் அண்ணாச்சி நிறுத்திப் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளை அலட்சியமாக, "பெறகு பாத்துக்கிடலாம்" என்று கிளம்ப, அண்ணாச்சி எழுதிவிட்டார். பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்தது. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்தது. சொஜ்ஜி பஜ்ஜி எல்லாம் ஆகி, வழியனுப்ப வாசலுக்கு வந்த பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை சைக்கிளின் மட்கார்டைப் படித்தார். 'ஆடி தாண்டாது.'

மறுநாளே தரகர் மூலமாக, ஜாதகம் ஒத்துவரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் திரண்டு வந்து அண்ணாச்சி கடையில் சத்தம் போட்டார்கள். அவர் அசரவே இல்லை. "நான் பின் ரிம்மைச் சொன்னேன். அவிய ஆளைச் சொன்னதா எடுத்துக்கிட்டா அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார். அந்த ரிம் ஆனி மாதமே வளைந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. விளாத்திகுளத்தில் பெண் எடுத்து, பேரன் பேத்தியோடு இப்போதும் நன்றாக இருக்கிறார்.

இத்தனை சைக்கிளைப் பார்த்த மனிதர் ஒருநாளும் சைக்கிளில் ஏற மாட்டார். ரிப்பேர் முடிந்ததும் வண்டியை உருட்டிக்கொண்டு, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துச் சத்தம் கேட்டபடி, ரோட்டோரப் புளியமரம் வரைக்கும் நடந்து போய்த் திரும்புவார். மற்றவர்கள் ஓட்டிப் பார்ப்பதை அவர் நடந்து பார்ப்பார். அதற்கே இருபது நிமிஷம் ஆகும். சின்ன வயதில் சைக்கிளோடு கிணற்றில் விழுந்துவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். அவருக்கு ஓட்டவே தெரியாது என்று சிலர் சொல்வார்கள். நேரில் கேட்கிற துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. சீக்கிரம், அவசரம், நேரமாச்சு, இந்த மூன்று வார்த்தையும் அங்கே வாயில் வரக்கூடாது. வந்துவிட்டால் கையிலிருக்கிற ஸ்பேனரைக் கீழே வைப்பார். அதுவரை மாட்டியதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றுவார். "நீ அவசரம்னு சொன்ன நேரத்துல நான் எந்த நட்டை முடுக்கிக்கிட்டு இருந்தேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. முதல்ல இருந்து பாத்துருவோம்" என்பார். கல்யாணத்துக்குப் போகிற வழியில் பஞ்சர் ஒட்ட நின்ற ஒருவர், தாலி கட்டி முடிந்து பந்தியும் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள்.

இந்த மனிதர் கையில் என் வேலை மாட்டிக்கொண்ட கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. நாய்க்குப் பயம், லாரிக்குப் பயம், இடிக்குப் பயம், வாசலில் யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் பயம். அப்படிப்பட்ட எனக்கு டீச்சர் டிரெய்னிங் முடித்ததும் ஒரு வேலை கிடைத்தது. பசுவந்தனை ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு தனியார் தொடக்கப் பள்ளி, மூன்றாம் வகுப்பு. ஒன்பதரைக்கு மணி அடித்துவிடும். அந்தப் பக்கம் போகிற பஸ் பத்து மணிக்கு மேல்தான் போய்ச் சேரும். ஆகவே சைக்கிளைத் தவிர வேறு வழி இல்லை.

பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் அப்பா இரண்டு வாரம் யோசித்தார். பிறகு, இரண்டு பேர் ஓட்டிக் களைத்த ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கி வந்தார். "இந்தா பாரு, காட்டு வழி. சைக்கிள்ல ஏதோ கோளாறுன்னு என் காதுல விழுந்துது, அன்னைக்கோட வேலை முடிஞ்சுது" என்றார். அதோடு விட்டாரா? கண்டம் அண்ணாச்சியிடம் போய், "பிள்ள வண்டியில ஏதும் இருந்தா எழுதி விட்டுருங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்றும் சொல்லி வைத்துவிட்டார்.

பள்ளியின் பெரிய டீச்சர் வேறொரு நிபந்தனை போட்டார். "மூணாவது தடவை லேட்டா வந்தா வாசல்ல இருந்தே திரும்பிப் போயிரணும். நான் கூப்பிட்டு வேற சொல்ல மாட்டேன்."

அந்த வேலை எனக்கு உயிர். அதுவரை நான் போன இடத்துக்கெல்லாம் யாராவது என்னைக் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். என் காலால் நானே மிதித்துப் போகிற ஒரே இடம் அந்தப் பள்ளிக்கூடம்தான். பயந்துகொண்டேதான் போவேன். ஆனாலும் போவேன்.

ஐந்தாவது மாதம், மிதிக்கும்போது காலுக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. சைக்கிளின் வயிற்றில், இரண்டு பெடல் தண்டுகளும் வந்து சேருகிற குழாய்க்குள் ஒரு அச்சு ஓடுகிறது. அதன் இரண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி ஒரு கப், அதற்குள் பொடிப் பொடியாக இரும்பு பால்ஸ். இந்த மொத்தக் குடும்பத்துக்கும் பி.பி. என்று பெயர். என் சைக்கிளில் அந்தக் குடும்பம் ஆட்டம் கண்டுவிட்டது. பெடல் இடதும் வலதுமாக ஆடியது. ஆடினால் செயின் கழன்றது. முதல் தடவை வேலிக்கருவைக் காட்டுக்குப் பக்கத்தில் கழன்று, மாட்டி முடித்துப் போனபோது பதினோரு நிமிஷம் லேட். இரண்டாவது தடவை முந்தின நாள் மழை. கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு மட்கார்டுக்குள் அடைத்து, நான் பலம் கொடுத்து மிதிக்க மிதிக்கச் செயின் மூன்று இடத்தில் கழன்றது. அரை மணி நேரம் லேட். பெரிய டீச்சர் இரண்டு விரலை மட்டும் காட்டினார்.

இன்னொரு தடவை லேட்டானால் வேலை போய்விடும். சரி பண்ண அண்ணாச்சியிடம் போனால் மட்கார்டில் எழுதுவார், அப்பா படிப்பார், அப்போதும் வேலை போய்விடும். யோசித்து யோசித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் அம்மாவும் சாத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம், நானே சரி பண்ணுவது என்று இறங்கினேன்.

பெடல் தண்டை அச்சோடு சேர்த்துப் பூட்டி வைத்திருப்பது காட்டர் பின் என்கிற ஒரு சின்ன இரும்பு ஆப்பு. அதை அடித்துக் கழற்ற வேண்டும் என்று பார்த்திருக்கிறேன். வீட்டில் சுத்தியல் இல்லை. அம்மிக் குழவி இருந்தது. ஓங்கி நாலு போடு போட்டேன். அடுத்த வீட்டு அத்தை சுவர் வழியாகக் குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, என்ன சத்தம் அங்கன?"

"சுக்கு தட்டுதேன் அத்தை."

"சுக்கா? வீடே ஆடுதேட்டி!"

எப்படியோ பின் வெளியே வந்தது. தண்டைக் கழற்றி, கப்புக்கு மேலிருந்த வளையத்தைத் தட்டித் தளர்த்தினேன். நோய் ஆட்டம்தானே, ஆட்டமே இல்லாமல் பண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஐந்து மாதப் பயத்தையும் கையில் சேர்த்து, பாட்டில் மூடியைத் திருகுகிற மாதிரி அந்தக் கப்பைத் திருகினேன். இனிமேல் திரும்பாது என்ற பிறகும் அரைச் சுற்று திருகினேன். பின்னை மறுபடி அடித்து ஏற்றினேன். ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே கிளம்பினேன். ஏறி மிதித்தபோதுதான் தெரிந்தது. அச்சு திருகையில் உளுந்து உடைக்கிற மாதிரி நறநறவென்றது. அது போதாதென்று, ஒரு பெடல் கீழே இருந்தால் மற்றது நேர் மேலே இருக்க வேண்டும் அல்லவா? பின்னை நான் தலைகீழாக மாட்டியிருந்ததால் அது ஒருபக்கமாகச் சரிந்து நின்றது. நொண்டி நொண்டி மிதித்தேன். பசுவந்தனை ரோட்டில் திரும்பி, அண்ணாச்சி கடை வந்ததும் இறங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன். இறங்க வேண்டிய அவசியம் இல்லாமல், கடை வாசலில் 'கடக்' என்று வண்டி தானாகவே நின்றது.

"ஏ, நில்லு" என்றார் அண்ணாச்சி.

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாரு கை வச்சது?"

"எங்க அண்ணன், அண்ணாச்சி."

"உங்க அப்பாவுக்கு நீ ஒரே பிள்ள."

"பெரியப்பா மகன்..."

"அவன் திருப்பூருக்குப் போயி ரெண்டு வருசமாச்சு. பிரேக் கட்டை இல்லாமத் திரிஞ்ச பய. யாரு கை வச்சது?"

"நான்தான்."

"எதை வச்சு அடிச்ச?"

"அம்மிக் குழவி."

அண்ணாச்சி பக்கத்திலிருந்த டப்பா மேல் உட்கார்ந்துவிட்டார். செம்பை எடுத்து மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார். எத்தனையோ பேர் அந்தக் கடையில் மயக்கம் போட்டுத் தண்ணீர் குடித்திருக்கிறார்கள், அவர் குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தண்டுக்கு அடியில முட்டு குடுத்தியா?"

"முட்டுன்னா என்ன அண்ணாச்சி?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பெடல் தண்டுக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பின்னை அடிக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் அடி முழுவதும் உள்ளே இருக்கிற பால்ஸ் மேல் இறங்குமாம். தினத்தாளை விரித்து, பி.பி.யைக் கழற்றிக் கொட்டினார். கறுப்புக் கிரீசோடு பால்ஸ் உருண்டு வந்தன. அவற்றில் இரண்டு பாதி பாதியாகப் பிளந்து கிடந்தன. ஒரு கப்பில் பள்ளம் பள்ளமாக இருந்தது.

"பாத்தியா? இதோட போயிருந்தா நீ பாதி வழியில..." என்று ஆரம்பித்தார். அந்தக் கிணற்றுக் குரலில், பி.பி. இறுகிப் போய் நடுரோட்டில் கவிழ்ந்த தபால்காரர் முழங்கால், மேட்டுத்தெரு வாத்தியாரின் முன்பல் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். சொல்லிக்கொண்டே தகர டப்பாவில் கையை விட்டு, அதே அளவில் ஒரு நல்ல கப்பையும் இரண்டு பால்சையும் தேடினார். கிடைத்ததைத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

நான் கைக்கடிகாரத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றேன். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தாலே போச்சு. ஏழரை, ஏழே முக்கால் என்று எனக்குள் நானே ஊகித்துக்கொண்டேன். அவர் கிரீசை அப்பி, பால்சை ஒவ்வொன்றாகக் குருவிக்கு இரை வைப்பது போல் வைத்தார். அச்சை நுழைத்தார். கப்பைத் திருகி, ஆட்டிப் பார்த்து, இம்மி தளர்த்தி, மறுபடி ஆட்டிப் பார்த்தார். தண்டை மாட்டினார். முட்டுக் கொடுத்துப் பின்னைத் தட்டினார். பெடல் இரண்டும் நேருக்கு நேர் வந்துவிட்டது. கடைசி நட்டில் ஸ்பேனரை வைத்தார். எட்டு மணி இருக்கும். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, வெளியூர் ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து குதித்தார்.

"அண்ணாச்சி, காத்து மட்டும் அடிச்சு விடுங்க. சீக்கிரம், ஆபீசுக்கு நேரமாச்சு!"

ஒரே மூச்சில் இரண்டு வார்த்தை. அண்ணாச்சி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அண்ணே, உங்களுக்குக் கோடி புண்ணியமா போகும், பேசாமப் போயிருங்க" என்று நான் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் மிரண்டுபோய், காற்று இல்லாமலே ஓடினார். பிரயோஜனம் இல்லை. நட்டு கழன்றது. பின் கழன்றது. தண்டு கழன்றது. பால்ஸ் மறுபடி தினத்தாள் மேல் வந்து விழுந்தன. நான் அழுதுவிட்டேன். சத்தம் போட்டு அழுதால் அதையும் அவசரம் என்று எடுத்துக்கொள்வாரோ என்று பயந்து, வாயில் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதேன்.

இரண்டாவது தடவை வேலை முடிந்தபோது மணி எட்டே முக்கால். நான் சைக்கிளைத் தொடப் போனேன். அண்ணாச்சி நகரவில்லை.

"புளியமரம் வரைக்கும் நடத்திப் பாக்கணும்."

இருபது நிமிஷம். "வேண்டாம் அண்ணாச்சி, நான் இப்படியே போறேன்" என்றேன்.

"அப்பம் எழுதித்தான் விடுவேன்" என்று காதிலிருந்த சாக்பீசை எடுத்தார்.

எனக்குள் என்ன உடைந்ததோ தெரியவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "எழுதாதீங்க அண்ணாச்சி. எழுதினா எங்கப்பா வண்டிய நிறுத்திருவாவ. இன்னைக்கு லேட்டா போனா மூணாவது தரம், பெரிய டீச்சர் உள்ள விட மாட்டாவ. ரெண்டுல எது நடந்தாலும் வேலை போயிரும். எனக்கு இந்த வேலையத் தவிர ஒண்ணும் இல்ல" என்று கொட்டிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான், லேட்டு என்று சொன்னது அந்த மூன்று வார்த்தையில் சேருமா என்று பயம் வந்தது.

அவர் கழற்றவில்லை. சாக்பீசை டப்பாவுக்குள் போட்டு மூடினார். கையைத் துணியில் துடைத்தார். என் சைக்கிளின் கேரியரைப் பார்த்தார். தூக்குமேடையைப் பார்க்கிறவர் கண்ணில் வருகிற பயம் அவர் கண்ணில் வந்ததை நான் பார்த்தேன்.

"நடத்திப் பாக்க நேரம் இல்ல. பாக்காம விடவும் முடியாது" என்றார். "நீ ஏறி மிதி. நான் பின்னால உக்காந்து சத்தம் கேக்கேன்."

எதிர்த்த டீக்கடையில் நின்றவர்கள் கிளாசை வாய்க்குக் கொண்டுபோனபடியே நின்றுவிட்டார்கள். கண்டம் அண்ணாச்சி சைக்கிளில் ஏறுகிறார். அதுவும் ஒரு பொம்பளைப் பிள்ளை ஓட்டுகிற சைக்கிளில். ஊர் என்ன பேசும் என்று எனக்கு ஒரு பக்கம் பயம். அவர் அதைப்பற்றியெல்லாம் நினைத்ததாகத் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் சீட்டின் அடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிவிட்டார்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் காடு, எதிரே காற்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

"இடது பக்கம் சத்தம் இல்ல. வலது பக்கம் சத்தம் இல்ல. லாரி! லாரி!"

"லாரிய எங்கனயும் காணோமே அண்ணாச்சி?"

"சத்தம் கேக்குது. ஓரமா போ. எறங்கு. நில்லு!"

அந்த லாரி நாங்கள் அரை கிலோமீட்டர் போன பிறகு வந்தது. ஆடு குறுக்கே வந்தால் "ஐயோ" என்றார். பள்ளம் வந்தால் முருகனைக் கூப்பிட்டார். ஒரு நாய் குரைத்தபோது காலிரண்டையும் கேரியர் மேலே தூக்கிக்கொண்டார். எனக்கும் நாய்க்குப் பயம்தான். ஆனால் ஒரு சைக்கிளில் எத்தனை பேர்தான் பயப்படுவது? "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நான் பாத்துப் போறேன். பயப்படாதீங்க" என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையை மற்றவர்கள் எனக்குச் சொல்லித்தான் அதுவரைக்கும் பழக்கம்.

பாதி வழியில் கேட்டேன். "சைக்கிள்ல ஏறி எத்தனை வருசமாச்சு?"

"இருபத்திரெண்டு." பிறகு அவராகவே சொன்னார். "எந்தம்பி கடைக்கு வந்து, சீக்கிரம் குடு, பஸ்ஸைப் பிடிக்கணும்னான். இதே பி.பி. வேலைதான். காட்டர் பின்னு நட்டை முழுசா முடுக்காமக் குடுத்துட்டேன். பாலத்து எறக்கத்துல பெடலு தனியா கழண்டு வந்துட்டு."

என் கால் பெடலில் நின்றுவிட்டது. "தம்பி..?"

"மிதி, மிதி, நிக்காத. இருக்கான். சிவகாசியில மகன் வீட்டுல நல்லாத்தான் இருக்கான். ஒரு காலு மட்டும் கட்டை, சாஞ்சு சாஞ்சு நடப்பான். என்னையப் பாத்தா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எனக்குத்தான் சிரிப்பு வர மாட்டேங்கு."

ஊரெல்லாம் பயமுறுத்துகிற மனிதர் என்று நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு சைக்கிளிலும் தன் தம்பி ஏறிப் போவதாக நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். இன்னும் வேகமாக மிதித்தேன்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது முப்பத்து நாலு. மணி அடித்து முடித்து, பிள்ளைகள் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். பெரிய டீச்சர் வாசலில் நின்றார். அண்ணாச்சி கேரியரிலிருந்து இறங்கினார். இறங்கியதும் பள்ளிக் கேட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது.

"அம்மா, பிள்ள மேல தப்பு இல்ல. அது ஏழு மணிக்கே வீட்டை விட்டு வந்துட்டு. நான்தான் ரெண்டு தரம் கழத்தி மாட்டினேன். திட்டுததுன்னா என்னையத் திட்டுங்க."

"நீங்க யாரு?"

"சைக்கிள் கடை."

பெரிய டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதைச் சொல்லதுக்கா ஒன்பது கிலோமீட்டர் பின்னால உக்காந்து வந்தீங்க?"

"இல்லம்மா. அச்சுல சத்தம் வருதான்னு கேக்க வந்தேன்."

"வந்துதா?"

"வரல."

பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பினார். விரலைக் காட்டப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். "இன்னும் பாட்டு முடியல. பாட்டு முடியறதுக்குள்ள வந்தா லேட்டுல சேக்க மாட்டேன். உள்ள போ" என்றார். அப்படி ஒரு விதி அதற்கு முன்பும் இருந்ததில்லை, அதற்குப் பிறகும் நான் கேள்விப்படவில்லை. அந்தப் பள்ளியில் அதற்கப்புறம் பதினாலு வருஷம் வேலை பார்த்தேன்.

அண்ணாச்சிக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். சாயங்காலம் வரை இருந்தால் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். பன்னிரண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது என்றேன்.

"பஸ்ஸா? அதுல எத்தனை நட்டு இருக்கும்னு யோசிச்சியா? எவன் எந்த அவசரத்துல முடுக்கினானோ!" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

என் வகுப்பு ஜன்னலிலிருந்து அந்த ரோடு வெகுதூரம் தெரியும். மறைக்க ஒரு மரம் கிடையாது. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாட்டை எழுதிப் போட்டுவிட்டு ஜன்னலுக்கே வந்து வந்து நின்றேன். அவர் தார் ரோட்டில் கால் வைக்காமல் ஓரத்து மண்ணிலேயே போனார். தூரத்தில் வண்டி தெரிந்தால் ரோட்டை விட்டிறங்கி, பருத்திக் காட்டுக்குள் போய் நின்றுகொண்டார். அது போய், புழுதி அடங்கிய பிறகு மறுபடி ஏறி நடந்தார். எனக்காக வந்த ஒன்பது கிலோமீட்டரையும் அவர் இப்படித்தான் திரும்பக் கடக்க வேண்டும்.

பிள்ளைகள், "டீச்சர், யாரைப் பாக்கீங்க?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். ரோட்டில் அவர் தெரியாமல் போன பிறகும், அந்த மனிதர் வெயிலில் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டுமே என்று சாயங்காலம் வரைக்கும் எனக்குப் பயமாகவே இருந்தது.